கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனைகளைத் தாங்கும் கடமை

கொள்ளைநோய் ஒன்று நாட்டைப் பற்றும்போது, ஏனைய தொழில்களெல்லாம் கதவடைத்து ஒதுங்கியிருக்க, நோய் எங்கே மிகுதியோ அங்கேயே சென்று நிற்கவேண்டிய நிர்ப்பந்தம் மருத்துவமனைகளுக்கும் அவற்றில் ஊழியம் புரிவோர்க்கும் உண்டாகிறது. அவர்களை அவ்விடத்தில் நிறுத்திய சமுதாயம் அவர்களுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்னும் வினாவை, கோவிட் பெருந்தொற்றின் அச்சமும் பரபரப்பும் அடங்கிவிட்ட இக்காலத்தில் நிதானமாக ஆராய்வது நன்று. ஏனெனில், அபாயம் தலைக்குமேல் நிற்கும்போது கையில் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கத்தான் நேரமுண்டேயன்றி, எது முறை, எது முறையன்று என்று சிந்திக்க அவகாசம் இருப்பதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் மக்கள் வீட்டு வாயிலிலும் மொட்டை மாடியிலும் நின்று கைதட்டியும் தட்டொலித்தும் மருத்துவ ஊழியர்களுக்கு நன்றி செலுத்தினார்கள்; மே 3ஆம் தேதி விமானப்படையினர் மருத்துவமனைகளின்மீது மலர் தூவினார்கள். அந்த நன்றியுணர்ச்சி உண்மையானது. அதைக் குறைத்துப் பேசுவது தகாது. ஆனால் அதே காலத்தில், மருத்துவர்களையும் செவிலியர்களையும் வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னவர்களும் இருந்தார்கள். கவச உடை கிடைக்காமல் மழைக்கோட்டு அணிந்து நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்களும் இந்நாட்டில் இருந்தார்கள். புகழ்ச்சியும் புறக்கணிப்பும் ஒரே வேளையில் நிகழ்ந்தது எவ்வாறு? ஒருவருடைய பணியைத் தியாகம் என்று போற்றிவிட்ட மாத்திரத்தில், அத்தியாகம் நேராதபடி அவரைக் காக்கவேண்டிய நம் கடமையும் தீர்ந்துவிட்டதாக மனம் மயங்கிவிடுகிறது என்பதே காரணமாகத் தோன்றுகிறது. மருத்துவ ஊழியர்க்கு நாம் முதலாவதாகச் செலுத்தவேண்டியது பாதுகாப்பு; பாராட்டு அதற்குப் பின்னரே வரவேண்டும். வரலாற்றைக் கொண்டும், கருவிகள், பிராணவாயு, ஆட்கள், சட்டம், பொதுமக்கள் ஆகிய துறைகளில் நாம் பெற்ற அநுபவத்தைக் கொண்டும் இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்போம்.

பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவிய காலத்தில், 1897ஆம் ஆண்டில், ஆங்கில அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டம், பிரயாணிகளைச் சோதிக்கவும் நோய் சந்தேகிக்கப்பட்டோரைப் பிரித்து வைக்கவும் அதிகாரம் அளித்தது. கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர்களைத் தண்டித்தது. நல்லெண்ணத்தோடு செயற்பட்ட அதிகாரிகளை வழக்குகளினின்று காத்தது. ஆனால் நோயாளியின் படுக்கையருகே நிற்பவரைக் காக்க அதில் ஒரு சொல்லும் இல்லை. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், பூனா நகரில், பிளேக் கண்ட சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசென்ற சாவித்திரிபாய் பூலே அம்மையார் அந்நோயாலேயே உயிர்நீத்தார். பணிவிடை செய்வோர் மாண்டுபோவதை இயல்பென்றே உலகம் எண்ணியிருந்த காலம் அது.

அவ்வெண்ணம் தவறென்பதை இந்த நூற்றாண்டின் தொற்றுக்கள் எண்ணிக்கைகளைக் கொண்டே மெய்ப்பித்தன. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் கண்டவர்கள் உலகெங்கும் 8,098 பேர். அவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மருத்துவ ஊழியர். சிங்கப்பூரில் நோயுற்ற 238 பேரில் பத்தில் நால்வர் மருத்துவமனைகளிலே பணிபுரிந்தவர்கள். நோயைத் தடுக்கவேண்டிய இடமே நோய் பரவும் இடமாயிற்று. இந்நிலை கண்ட சிங்கப்பூர் அரசாங்கம், டான் டொக் செங் மருத்துவமனையைச் சார்ஸ் நோய்க்கென்றே ஒதுக்கியது. கனடாவில் டொரன்டோ நகரத்து மருத்துவமனைகளில் நேர்ந்தவற்றை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி காம்பெல் ஆணையம், ஊழியரின் பாதுகாப்புக்கான நடவடிக்கையை விஞ்ஞான நிச்சயம் கிடைக்கும்வரை ஒத்திவைக்கலாகாது என்று 2006ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தியது. பதினான்கு ஆண்டுகள் கழித்துக் கோவிட் வந்தபோது, அந்நோய் காற்றின்வழிப் பரவுமா, எத்தகைய முகக்கவசம் போதும் என்ற விவாதம் முடிவதற்குள்ளாகவே பல நாடுகளில் ஊழியர் பலர் நோய்வாய்ப்பட்டனர்.

மேற்கு ஆப்பிரிக்காவை 2014ஆம் ஆண்டில் தாக்கிய எபோலா இன்னும் கொடிய பாடத்தைக் கற்பித்தது. லைபீரியா நாட்டின் மருத்துவர், செவிலியர், பேறுகால உதவியாளர் ஆகியோரில் நூற்றுக்கு எண்மர் அந்நோயால் மடிந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஏற்கெனவே ஆள் குறைந்த தேசத்தில் இந்த இழப்பு நேர்ந்தமையால், எபோலா அகன்ற பின்னரும், பிரசவத்தில் தாய்மார் இறக்கும் எண்ணிக்கை இருமடங்குக்கு மேல் உயரக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் எச்சரித்தனர். ஒரு செவிலியின் மரணம் அவருடைய குடும்பத்தின் துக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. அவர் வாழ்ந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய எத்தனையோ தாய்மாரும் சிசுக்களும் அம்மரணத்தின் பின்விளைவுக்கு ஆளாகின்றனர். கோவிட் தொற்றில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் 80,000 முதல் 1,80,000 வரையிலான மருத்துவ ஊழியர் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஊழியரைக் காப்பது அவர்களுக்குச் செய்யும் உபகாரமன்று, நோயாளிகளைக் காக்கும் முதல் வழியே அதுதான் என்பதற்கு இவற்றைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

இனிக் கருவிகளைக் கவனிப்போம். கவச உடை என்பது பார்வைக்கு எளிய வெள்ளை அங்கி. ஆனால் அதன் தையலில்தான் ஓர் உயிர் தங்கியிருக்கிறது. ஊசி துளைத்த ஒவ்வோர் இடமும் நோயாளியின் இரத்தமோ உமிழ்நீரோ உட்புகுவதற்கான ஒரு சிறு வாயில்; ஆதலால் தைத்தபின் தையல் முழுவதையும் சூடான காற்றால் பட்டை ஒட்டி அடைக்கவேண்டும். தொற்று தொடங்கியபோது இத்தகைய முழு அங்கிகளை இந்நாட்டில் தயாரிப்போர் அரிதாகவே இருந்தனர். அந்நிலையில், கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகிய சிட்ரா, துணியின்மீதும் தையலின்மீதும் செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்திக் கசிகிறதா என்று சோதித்துச் சான்றளிக்கும் பொறுப்பை மேற்கொண்டது. திருப்பூரிலும் கோவையிலும் உள்நாட்டுக்கும் ஏற்றுமதிக்கும் ஆடை தைத்துக்கொண்டிருந்த தொழிற்கூடங்கள் சில மாதங்களுக்குள் கவச உடை தயாரிக்கக் கற்றுக்கொண்டன. இந்த வேகத்துக்குக் காரணம் அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருந்த தொழில்திறனும், நெடுங்காலமாக நிலைபெற்றிருந்த ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனமுமே ஆகும். நெருக்கடி வந்தபின் அவற்றை உண்டாக்கியிருக்க முடியாது.

மருந்துகளைப் பொறுத்தும் இதே உண்மை விளங்குகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ஆம் ஆண்டில் தோன்றியது. மாவட்டந்தோறும் கிடங்கு அமைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் அளித்து, எங்கே எம்மருந்து எவ்வளவு இருக்கிறதென்று கணக்கு வைத்து வழங்கும் அதன் முறை பிற மாநிலங்களுக்கும் வழிகாட்டியாயிற்று. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென விரிவான சட்டத்தை 1939ஆம் ஆண்டில் இயற்றியதும் அந்நாளைய சென்னை மாகாணமே. பெருந்தொற்றில் தமிழகம் பெற்ற பலம், இவ்வாறு அமைதிக் காலத்தில் ஆரவாரமின்றிச் செய்துவைத்த காரியங்களிலிருந்தே பெரும்பாலும் வந்தது.

எனினும் முன்னேற்பாடு எங்கே தளர்ந்திருந்ததோ அங்கே பலமுள்ள மாநிலமும் தத்தளித்தது. பிராணவாயுவின் கதை அதுதான். சாதாரணமாக மூச்சுத்திணறும் நோயாளிக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் பிராணவாயு போதும். ஏறத்தாழ ஏழாயிரம் லிட்டர் கொண்ட பெரிய சிலிண்டர் ஒன்று அவருக்கு ஒரு நாள் முழுவதும் வரும். கோவிட் நோய் முற்றி நுரையீரல் கெட்டவருக்கு, மூக்குக் குழாய்வழி அதிவேகமாகச் செலுத்தும் கருவியில் நிமிடத்துக்கு அறுபது லிட்டர் வரை தேவைப்படும். அதே சிலிண்டர் இரண்டு மணி நேரங்கூடத் தாங்காது. ஆகவே பெரிய மருத்துவமனைகள் கழி 183 பாகை வரை குளிரூட்டப்பட்ட திரவப் பிராணவாயுவைத் தொட்டிகளில் நிரப்பிக் குழாய்கள் வழியே வார்டுகளுக்கு அனுப்புகின்றன. தொட்டி நிறைந்திருந்தாலும், ஒரு தெருவின் வீடுகளெல்லாம் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாததுபோல, நூற்றுக்கணக்கான படுக்கைகள் ஒருங்கே இழுக்கும்போது குழாயின் அழுத்தம் வீழ்ந்து, கோடியிலுள்ள படுக்கைக்கு வாயு சேராது போகும். இதைத் தடுப்பது மருத்துவரின் கையில் இல்லை; குழாயின் அகலத்தைத் திட்டமிட்ட பொறியாளரும், இரவெல்லாம் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழில்நுட்ப ஊழியரும், தொட்டி குறையுமுன் வண்டி வந்து சேரும்படி ஏற்பாடு செய்யும் அதிகாரியும் அதனைச் செய்யவேண்டும். 2021 ஏப்ரல் 21ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் நாசிக் நகரத்து மருத்துவமனை ஒன்றில் தொட்டி கசிந்து வாயு தடைப்பட்டபோது, சிகிச்சையிலிருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் சிறிது நேரத்துக்குள் இறந்தனர்.

அந்த வாரங்களில் சென்னையின் பெரிய அரசு மருத்துவமனை வாயிலில் ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றதையும், அவற்றுக்குள்ளேயே பிராணவாயு ஏற்றப்பட்டு நோயாளிகள் படுக்கைக்காகக் காத்திருந்ததையும் தமிழ் மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு ஒதுக்கிய பிராணவாயு நாளொன்றுக்கு 220 டன்னிலிருந்து 419 டன்னாக மே மாதத்தில் உயர்த்தப்பட்டது. மூடிக்கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் பிராணவாயு மட்டும் தயாரிக்க உச்சநீதிமன்றம் ஏப்ரல் 27ஆம் தேதி அநுமதித்தது. மூடப்பட்ட அந்த ஆலையைக்கூட நாடவேண்டிய அளவுக்கு நெருக்கடி முற்றியிருந்தது. இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, வார்டில் நின்ற மருத்துவரும் செவிலியரும்தான் உறவினரின் கோபத்தையும் கண்ணீரையும் எதிர்கொண்டனர். அமைப்பின் குறைக்கு மனிதர் முகங்கொடுக்க நேர்வது எவ்வளவு பெரிய சுமை என்பதை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

ஆட்களைப் பற்றிய பகுதியே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. மருத்துவத்தின் உறுப்புகள் நான்கெனக் கணக்கிட்ட திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், அருகிருந்து பணிவிடை செய்வோனையும் சமமாக வைத்து எண்ணினார். அந்த நான்காம் உறுப்பை நாம் எவ்வாறு நடத்தினோம்? கவச உடையணிந்து ஆறு மணி நேரம் பணிபுரியும் செவிலியால், அணிந்தபின் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவும் கழிவறை செல்லவும் இயலாது. ஆகையால் பணிக்கு வருமுன்னரே நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வாள். உள்ளே வியர்வை வழியும். கண்ணாடியில் ஆவி படிந்து நரம்பு தேடும் கைக்குப் பார்வை மங்கும். என்-95 முகக்கவசத்தின் விளிம்பு மூக்கின்மேல் தழும்பாகப் பதியும். பணி முடிந்து களைத்த நிலையில், அங்கியின் வெளிப்புறம் உடலில் படாதபடி, ஒவ்வொரு படிக்கும் கையைச் சுத்தம் செய்து, முறைப்படி அதைக் களைய வேண்டும்; தொற்று மிகவும் எளிதாகப் பற்றக்கூடிய வேளை அதுவே. களைப்புற்ற ஊழியர் தவறு செய்வார் என்பது இயற்கை. ஆதலால் பணிநேரத்தைக் குறைப்பதும், களையும் இடத்தில் மேற்பார்வைக்கு ஒருவரை நிறுத்துவதும், தங்க இடமும் நல்ல உணவும் அளிப்பதும் சலுகைகளல்ல. அவை சிகிச்சையின் பகுதிகளே.

உடலைப் போலவே உள்ளமும் தேய்ந்தது. சீன தேசத்தில் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 ஊழியரிடம் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடத்தப்பட்ட ஆய்வில், பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், மூவரில் ஒருவருக்கு உறக்கமின்மையும் காணப்பட்டன. மருத்துவ ஊழியரின் சம்பளம் உரிய காலத்தில் வழங்கப்படவேண்டும், தனித்திருக்கத் தக்க இடம் தரப்படவேண்டும் என்று 2020 ஜூன் மாதத்தில் உச்சநீதிமன்றம் கட்டளையிட நேர்ந்ததை எண்ணிப் பார்த்தால், ஊழியரின் உள்ளச்சோர்வுக்கு நோய் ஒன்றே காரணமன்று என்பது புலனாகும். தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டில் மருத்துவர்க்கு 30,000 ரூபாயும், செவிலியர்க்கு 20,000 ரூபாயும், ஏனையோர்க்கு 15,000 ரூபாயும் ஊக்கத்தொகையாக அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் ஊக்கத்தொகை ஒரு பருவத்து மழை. நிலையான வேலைதான் வற்றாத ஊற்று. பெருந்தொற்றின்போது ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு நீட்டிக்கப்படாமல் நின்றது. அவர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். பின்னர் மாற்றுப்பணி அளிப்பதாக அரசு கூறியது. ஆபத்துக் காலத்தில் அழைத்தவரை ஆபத்து நீங்கியதும் விடுவித்துவிடுவோமானால், அடுத்த அழைப்புக்கு வருபவர் யார்?

மருத்துவமனையின் படிநிலையில் கடைசியில் நிற்கும் தூய்மைப் பணியாளரை இங்கே விசேஷமாக நினைக்கவேண்டும். நோயாளி தொட்ட பஞ்சையும் துணியையும் அங்கியையும் இரட்டை மஞ்சள் பையிலிட்டுக் கட்டி அகற்றுபவர் அவர். படுக்கையைத் துடைப்பவர் அவர். இறந்தவரின் உடலை மூடித் தூக்குபவரும் பல இடங்களில் அவரே. மருத்துவர் அணியும் அதே தரமான கவசம் அவருக்கும் கிடைத்ததா, நோயுற்றால் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்ற கேள்விக்கு ஒரு மருத்துவமனை தரும் விடையே, அது தன் ஊழியரை எவ்வளவு காக்கிறது என்பதற்குச் சரியான அளவுகோல். ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தப்பட்டவர் என்ற காரணம் கிருமிக்குத் தெரியாது.

சட்டத்தின் வழியாகச் சமுதாயம் அளிக்கும் பாதுகாப்பையும் பார்ப்போம். 2020 ஏப்ரல் 19ஆம் தேதி சென்னையில் கோவிட் நோயால் உயிர்நீத்த மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றபோது, தொற்று பரவும் என்று அஞ்சிய கூட்டம் தடுத்தது. ஆம்புலன்சின்மீது கற்களும் கட்டைகளும் வீசப்பட்டன. உடன் வந்தவர்கள் காயமுற்றனர். இறுதியில் அவருடைய சக மருத்துவர் ஒருவரும் ஊழியர் சிலரும் நள்ளிரவில் தம் கைகளாலேயே மண்ணள்ளிப் போட்டுப் புதைத்தனர். வாழ்நாளெல்லாம் பிறர் உயிரைக் காத்தவருக்கு ஆறடி நிலமும் மறுக்கப்பட்டது கண்டு தமிழகம் தலைகுனிந்தது. ஒரு வாரத்துக்குள் மாநில அரசு, தொற்றால் இறந்தோரின் அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதற்குச் சற்று முன்னர் மத்திய அரசும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவ ஊழியரைத் தாக்கிக் கொடுங்காயம் விளைத்தோர்க்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தப் பழைய சட்டத்தில் ஊழியரின் பெயர் ஏறியது. ஆயினும் தமிழ்நாட்டில் மருத்துவ ஊழியரைத் தாக்குவதற்கெதிரான தனிச்சட்டம் 2008ஆம் ஆண்டு முதலே இருந்தது என்பதை நினைத்தால், சட்டம் மட்டும் போதாதென்பது விளங்கும். அன்று கல்லெறிந்தவரை ஆட்டிவைத்தது அறியாமையால் விளைந்த பயம். முறையாக அடக்கம் செய்யப்பட்ட உடலிலிருந்து அக்கம்பக்கத்தார்க்கு நோய் பரவாது என்ற செய்தி, அந்தக் கூட்டம் கூடுவதற்கு முன்பே தெருத்தெருவாகச் சென்று சேர்ந்திருக்கவேண்டும்.

இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு 50 லட்ச ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு 2020 மார்ச் மாதத்தில் அறிவித்தது நற்செயலே. ஆனால் கோவிட் பணியின் காரணமாகவே நோய் கண்டது என்று சான்றுகள் திரட்டவேண்டிய பொறுப்பு, குடும்பத் தலைவரை இழந்து நிற்கும் மனைவியிடமோ முதிய பெற்றோரிடமோ வந்து சேர்ந்தது. தொற்றுக்காலத்தில் நோயாளிகளிடையே பணிபுரிந்தவருக்கு அந்நோய் கண்டால் அது பணியினாலேயே கண்டதென்று கொள்வதும், மறுப்பவரே சான்று காட்டவேண்டுமென விதிப்பதும் நியாயமான முறையாகும்.

பொதுமக்களின் பங்கு யாது? உணவளித்தோரும் ஊர்தி தந்தோரும் செய்த சேவை பெரிது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை மருத்துவமனையின் சக்தியை மீறாதபடி முகக்கவசம் அணிவதும், தடுப்பூசி போட்டுக்கொள்வதும், காய்ச்சல் கண்டதும் மறைக்காமல் சோதித்துக்கொள்வதுமே அவர்கள் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி. மருத்துவமனை நிரம்பி வழிந்தால் கோவிட் நோயாளிகள் மட்டும் துன்புறுவதில்லை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 24 லட்சமாகப் பதிவாகிய காசநோயாளிகளின் எண்ணிக்கை 2020இல் 18 லட்சமாகக் குறைந்தது. காசநோய் குறைந்ததால் அன்று, கண்டுபிடிக்கவேண்டிய கைகளும் கண்களும் வேறிடத்தில் இருந்தமையாலும் மக்கள் வரமுடியாமையாலுமே இது நேர்ந்தது.

இவ்வளவு முன்னேற்பாட்டுக்கும் பணம் ஏது, எப்போதோ வரும் ஆபத்துக்காக வெறுமனே கிடக்கும் படுக்கைகளையும் ஊழியரையும் வைத்துக் காப்பது வீண்செலவன்றோ என்று கேட்பவர் உண்டு. இவ்வாட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று, ஏழை நாட்டில் ஒவ்வொரு ரூபாயும் கணக்குப் பார்த்தே செலவிடப்படவேண்டும். ஆனால் பிராணவாயுக் குழாய் தொற்றில்லாத நாளில் குறைமாதக் குழந்தையின் மூச்சைக் காக்கிறது. தீவிர சிகிச்சையில் பயின்ற செவிலி, பாம்பு கடித்தவரையும் சாலை விபத்தில் சிக்கியவரையும் பிழைக்கவைக்கிறாள். கிராமச் சுகாதாரச் செவிலியர் தடுப்பூசியும் பேறுகாலக் கவனிப்பும் தந்துகொண்டே நோயின் முதல் அறிகுறியையும் காண்கிறார். உலகில் 2018ஆம் ஆண்டில் ஏறத்தாழ 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. ஆகவே அமைதிக் காலத்திலும் அவர்களுக்கு வேலை இல்லாமற்போகும் என்று அஞ்சவேண்டியதில்லை.

ஆராய்ந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனைக்கு அளிக்கும் ஆதரவின் பெரும்பகுதி, கொள்ளைநோய் வருமுன்னரே அளிக்கப்படவேண்டியது என்ற முடிவுக்கே வருகிறோம். சோதித்த கவசங்கள் கிடங்கில் இருக்கவேண்டும். பிராணவாயுக் குழாய்கள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படவேண்டும். செவிலியர் பணியிடங்கள் நிரந்தரமாக நிரப்பப்படவேண்டும். தூய்மைப் பணியாளர்க்கும் மருத்துவர்க்கும் பாதுகாப்பில் ஒரே நீதி வழங்கப்படவேண்டும். சந்தேகம் நேரும்போது ஊழியரைக் காக்கும் பக்கமே முடிவு செய்யவேண்டும். இவற்றுள் ஒன்றும் இயலாத காரியமன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் செய்து காட்டப்பட்டதே. இவற்றைச் செய்யாமல் அடுத்த தொற்றிலும் ஊழியரின் தியாகத்தை எதிர்பார்த்து நிற்பது நாகரிகமுள்ள சமுதாயத்துக்கு அழகன்று. வரவுசெலவுத் திட்டம் வகுப்போரும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாமும், மருத்துவ ஊழியருக்கு நாம் பட்ட கடனை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தீர்த்துவருவோமானால், மீண்டும் ஒரு கொள்ளைநோய் வரும் நாளில் நம் நன்றி வெறும் சொல்லாக நின்றுவிடாது.